என் குரல் வாங்கிய மார்க்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. எண் வரிசைப் பரிசோதனையில் நோயாளிகளின் மார்க்கைக் கூட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்கச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். மூன்று வருடம் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் மார்க்கை நான் ஒருவனே கூட்டியிருக்கிறேன். அதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்கிறேன்.

பரிசோதனை என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாம் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். கேட்டவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று எண்ணில் தொடங்கி நாலு, ஐந்து, ஆறு என்று நீளும். எதுவரைக்கும் பிசகாமல் சொல்கிறாரோ அதுதான் அவருடைய மார்க். பார்த்தால் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் நம்மைவிட ஒழுங்காக விளையாடுவார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் சேர்ந்த புதிதில், கட்டுப்போட்ட தலையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவர் ஏழு எண்களையும் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். ஒன்று விடாமல் சரி. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, முன்னால் போய் வந்தவர் பாடம் எடுத்திருக்கிறார். "எல்லாருக்கும் ஒரே நம்பர்தானுங்களே ஐயா, பாவம் நீங்க எதுக்கு தொண்டத் தண்ணி வத்தக் கத்தணும்" என்றார் பெரியவர். நல்ல மனுசன். அன்றிலிருந்து கதவைச் சாத்தினேன், வேறு வேறு தாள் வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதோடு இந்தத் தொழிலில் ஏமாறுகிற வழி முழுவதும் அடைபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஏமாற்றியது நானே.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆறு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று நான் கூப்பிட்டுக் குறிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் "மாரியாயி" என்று கூப்பிட்டால் நாலு கை எழும்பும். அதில் ஒரு கை, வேலைக்கு வராத மாரியாயிக்காக எழும்பிய கையாக இருக்கும். அதனால் ஆளுக்கொரு நம்பர். மூன்று இலக்கம். பனியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு இலக்கமாக இழுத்துக் கூப்பிடுவோம். "ஒண்ணு, நாலு, ரெண்டேஏய்!" முதல் இரண்டும் சமமாக, மூன்றாவது மேலே ஏறி இறங்கும். எனக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான் கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டங்களிலும் கொஞ்சம் முன்னே பின்னே இதே இழுவைதான்.

பிறகு ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. தலையில் அடிபட்டவர்களைத் தேற்றும் பிரிவில் தமிழ் பேச ஆள் இல்லை. "உனக்குத் தமிழ் தெரியுமே, இந்த எண்களை வாசி" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நொடிக்கு ஒன்று, குரல் ஏறாமல் இறங்காமல் வாசிக்க வேண்டும் என்று தாளின் அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடியில் எழுதியிருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

இப்போது சவரிமுத்துவின் கதை. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டிக் கசக்கும் ரோலர் இயந்திரத்தில் வேலை. இருபது வருட அனுபவம். ஒரு நாள் பலாக்காய் பறிக்க ஏறினார். காய் மரத்திலேயே இருந்தது, இவர்தான் விழுந்தார். ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து, மூன்று மாதத்தில் எழுந்து நடமாடினார். ரோலர் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம் இல்லாமல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விட மாட்டோம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். அந்த இயந்திரத்தை நிறுத்துவதற்கும் திறப்பதற்கும் திரும்ப ஓட்டுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் கை போய்விடும்.

அவருடைய மனைவி ரெஜினாவும் கூட வந்திருந்தார். "தண்ணி ஊத்தாம கேத்தல அடுப்புல வக்கிறாருங்க, ரெண்டு தடவ வச்சிட்டாரு" என்று ரகசியம் போல என்னிடம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுப் பரிசோதனையைத் தொடங்கினேன். முதல் வரிசையைச் சொன்னதுமே சவரிமுத்து சிரித்தார்.

"ஐயா முன்ன பெரட்டுக் கூப்பிட்ட ஆளுங்களா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கொரல்லயே தெரியுதுங்களே. படுத்துக் கெடந்தவனும் எந்திரிச்சிருவான்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர் ஏழு எண்வரைக்கும் சொன்னார். ஏழு என்பது அடிபடாத ஆள் வாங்குகிற மார்க். பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். கேத்தல் விஷயத்தை எழுதவில்லை. ஏழு வாங்கிய ஆளுக்குக் கேத்தல் எதற்கு? டொக்டர் அந்தத் தாளைப் பார்த்து, வருகிற திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார்.

டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களப் பெண்மணி. "வலிக்குதா", "சாப்டீங்களா" இரண்டுக்கும் மேல் தமிழ் தெரியாது. என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். கிண்டலாக இருந்தால் "கணக்கப்பிள்ளை மாத்தயா", அதாவது கணக்கப்பிள்ளை ஐயா, என்று கூப்பிடுவார், கோபமாக இருந்தால் கூப்பிடவே மாட்டார். அதே வாரம் வெள்ளிக்கிழமை ஒரு கட்டுக் கோப்புகளோடு வந்து, "ஹரி புதுமயி" என்றார். ரொம்ப ஆச்சரியமாக இருக்கிறதாம். அடி ஒரே மாதிரி, காயம் ஒரே மாதிரி, மற்ற எல்லாப் பரிசோதனையிலும் மார்க்கும் ஒரே மாதிரி. இந்த எண் வரிசையில் மட்டும் தோட்டத்து ஆட்கள் மற்றவர்களைவிட இரண்டு மூன்று கூடுதலாக வாங்குகிறார்களே, ஏன்?

"எங்க ஆளுங்களுக்கு ஞாபகசக்தி கூட, டொக்டர்" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அடுத்த நோயாளி வந்தபோது அவர் அறையின் மூலையில் போய் உட்கார்ந்தார். முடிந்ததும் தன் நோட்டைக் காட்டினார். எண் எதுவும் இல்லை. தமிழ் தெரிந்தால்தானே எண் எழுத. கோடுகள்தான் இருந்தன. இரண்டு தட்டைக் கோடு, ஒரு மேல்கோடு. மறுபடி இரண்டு தட்டை, ஒரு மேல். பக்கம் முழுக்க அப்படியே.

"எனக்கு உங்கள் எண் புரியவில்லை. அதனால் பாட்டு மட்டும் காதில் விழுந்தது. நீங்கள் சொல்வது ஆறு எண் இல்லை, மூன்று மூன்றாகக் கட்டிய இரண்டு மூட்டை. அதைத்தான் அவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்."

நான் தாளின் அடியில் இருந்ததை அப்போதுதான் வாசித்தேன். மூன்று வருடம் கழித்து.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். தனித்தனியாக ஆறு எண்ணைப் பிடிப்பது கஷ்டம். மூன்றாகக் கட்டிய இரண்டைப் பிடிப்பது லேசு. அதிலும், பிறந்ததிலிருந்து பெரட்டுச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு அந்த மூன்று இலக்கம் எண்ணே இல்லை, ஒரு ஆள். என்னிடம் ஒன்பது எண் கேட்டவருக்கு மூன்று ஆட்கள் வரிசையில் நிற்பது போலத்தான். கட்டுகிற வேலை முழுவதையும் நான் செய்தேன், மார்க்கை அவர்கள் வாங்கினார்கள்.

டொக்டர் எழுந்து போகும்போது கதவருகில் நின்று கேட்டார். "இந்த மார்க்கை நம்பி யாருக்காவது வேலைக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறோமா? பார்த்துச் சொல்லுங்கள்."

பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சவரிமுத்து என்ற பேர் நாக்கு நுனியில் நின்றது. "பாக்கிறேன் டொக்டர்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். வெள்ளி இரவு எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இருபது வருடம் பழகிய மெஷின், கை தானாகப் போகும். சனிக்கிழமை இன்னொரு சமாதானம். கடிதத்தில் கையெழுத்து டொக்டருடையது. ஞாயிறு காலை சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டார், சொன்னேன். அவர் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "அவரு நாளைக்கு ஏழு மணிக்கு மெஷின் முன்னால நிப்பாரு. நீங்க எட்டு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவீங்க."

பத்து நிமிடத்தில் பஸ்ஸில் இருந்தேன். பஸ்ஸிலிருந்து டொக்டருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இரண்டு நாளா?" என்று மட்டும் கேட்டார். தொழிற்சாலைக்குத் தான் பேசுவதாகவும், வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார். கணக்கப்பிள்ளை என்ற வார்த்தை வரவேயில்லை.

சவரிமுத்துவின் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பூசைக்குப் போய் வந்து, கோழி அடித்திருந்தார்கள். நம்முடைய கடிதம் அந்தோணியார் படத்துக்குக் கீழே, பூவோடு இருந்தது. "கடிதம் குடுத்த ஐயாவே வீட்டுக்கு வந்திருக்காங்க" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி ரெஜினா சொன்னார். சாப்பிடாமல் பேச விட மாட்டேன் என்றார். சாப்பிட்டேன். இரண்டாவது தடவை கோழிக்கறி வைக்க வந்தபோதுதான் வாயைத் திறந்தேன்.

"அந்த மார்க் தப்புங்க. அது சவரிமுத்து வாங்கினது இல்ல, என் குரல் வாங்கினது."

ரெஜினா அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டார். "என்னாங்க இது? ஆஸ்பத்திரிக்காரங்களே குடுப்பீங்க, ஆஸ்பத்திரிக்காரங்களே புடுங்குவீங்களா? கோழி தொண்டைக்குள்ள போற வரைக்கும் காத்திருந்தீங்களாக்கும்?"

காத்திருந்தது உண்மைதானே. சவரிமுத்து மட்டும் அமைதியாக, "இங்கேயே மறுபடி கேளுங்க ஐயா, சொல்றேன்" என்றார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை அடியில் எழுதியிருந்தபடி கேட்டேன். நொடிக்கு ஒன்று. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, குழாய் சொட்டுகிற மாதிரி. நாலு எண்வரைக்கும் வந்தார். ஐந்தில் விழுந்தார். வேறு ஐந்து சொன்னேன், அதிலும் விழுந்தார்.

"நீங்க இன்னைக்கு ஒழுங்கா சொல்லலீங்க" என்றார். "அன்னைக்கு எவ்வளவு நல்லா சொன்னீங்க."

"ரோலருகிட்ட யாரு நின்னு நல்லாச் சொல்லப் போறா?" என்றார் ரெஜினா. அதுவரைக்கும் என் மேல் இருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் பயமாக மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அவரே எழுந்து போய், படத்துக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பூவைக் கொடுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். மார்க்கை நேர்மையாகவும் கூட்டலாம். அடுத்த ஆறு வாரம் சவரிமுத்து கிளினிக்குக்கு வந்தார். நான் தட்டையாகத்தான் சொல்வேன். கட்டுகிற வேலை அவருடையது, அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: முதல் மூன்று வந்ததும் அதை ஒரு ஆளாக்கி மனசுக்குள் கூப்பிட்டு நிறுத்து, அடுத்த மூன்றுக்குக் காதைத் திற. தவறவிட்டதைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடாதே, ஓடினால் வருவதும் போய்விடும். எல்லாருக்கும் இதே மெட்டு பொருந்தாது. பெல்மதுளையில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்த ஒருவர் போன் நம்பர் மாதிரிக் கட்டினார். தமிழில் கேட்டுச் சிங்களத்தில் திருப்பிச் சொன்ன தங்கச்சி ஒருத்தி இருந்தாள், கடையில் வேலை செய்கிற பிள்ளை. அதுவும் சரிதான், வரிசை பிசகவில்லை. வெறும் வயிற்றோடு வருகிறவரிடமும், வளைவுப் பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கியவரிடமும் உடனே கேட்காதீர்கள். அது பஸ்ஸுக்கு வைக்கிற பரிசோதனை.

இதுவும் ஏமாற்றுத்தானே என்று டொக்டரிடம் கேட்டேன். ஆறு வாரமாக என்னைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடாதவர் அன்று கூப்பிட்டார். "அவர் தலைக்குள் அவர் பாடினால் அது அவருடைய மார்க், கணக்கப்பிள்ளை மாத்தயா. நீங்கள் பாடினால் உங்களுடையது."

ஆறாவது வாரம் சவரிமுத்து ஆறு எண் சொன்னார். தட்டையாகக் கேட்டு, தானே கட்டிச் சொன்ன ஆறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ரெஜினா, "நேத்து கறிக்கு ரெண்டு தடவ உப்புப் போட்டாரு" என்றார். இந்தத் தடவை அதை எழுதினேன். மார்க்குக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

டொக்டர் இரண்டையும் பார்த்தார். எண் வரிசையைப் பழகினால் எண் வரிசைதான் வளரும், உப்பும் ரோலரும் அதோடு சேர்ந்து வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றார். ஆகவே காகிதத்தை வைத்துவிட்டு மெஷினிடமே போய்ப் பார்ப்பது என்று முடிவானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை ஓடாத நேரம். மின்சாரத்தை அடியோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே பொறுப்பு டீமேக்கர் ஐயாவுக்கு. கொழுந்தைத் தேயிலை ஆக்குகிற வேலை முழுவதையும் பார்க்கிறவர் அவர். டொக்டர் கதவருகில் நின்றார். ஓடுகிற மெஷினை நிறுத்தி, திறந்து, சுத்தம் செய்து, திரும்ப ஓட்டுவது போல எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். ஏழு காரியம், வரிசையாக; அதையும் அவர் அதே மெட்டில் மூன்று மூன்றாகக் கட்டி வைத்திருந்தார். யாரும் உதவக் கூடாது.

சவரிமுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. கை தண்ணீர் மாதிரிப் போனது. நாலு. ஐந்தாவதற்குக் கையை நீட்டினார். பாதியில் நின்றார்.

கை அப்படியே காற்றில் நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

என் தொண்டைக்குள் மெட்டு ஏறிவிட்டது. நாலு ஐந்து ஆறு என்று லேசாக முனகினால் போதும். அந்த இரைச்சல் இல்லாத கொட்டகையில் எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்டிருக்கும். வீட்டில் ரெஜினா வழி பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது என்பதும் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு நான் ஏற்கனவே ஒரு கடன் பட்டவன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பல் வலித்தது.

சவரிமுத்து நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டீமேக்கர் பக்கம் திரும்பி, "ஐயா, அடுத்தது என்னான்னு எனக்கு வரல. நான் கை வைக்கலீங்க" என்றார்.

நான் போச்சு என்று நினைத்தேன். டீமேக்கர் ஐயா சுருட்டை முடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். பிறகு டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னார்: இந்த அறையில் எத்தனையோ பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன், அடுத்தது வரவில்லை என்று சொல்லி நிறுத்திய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, எல்லாரும் வந்த மாதிரிக் காட்டிக்கொண்டு கையை வைப்பார்கள்.

டொக்டர் அங்கேயே நின்று கடிதம் எழுதினார். வேலைக்குப் போகலாம், ஆனால் தனியாக இல்லை, பக்கத்தில் ஒரு ஆள் நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல, இவர் செய்ய வேண்டும். வரிசை முழுதும் திரும்ப வரும்வரை இப்படியே. பரிசோதனைத் தாளை நிரப்பச் சொல்லி என்னிடம் நீட்டினார். மார்க் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நடந்ததை எழுதுங்கள்" என்றார். நாலு என்று எழுதி, பக்கத்தில் "தானாக நிறுத்தினார்" என்று எழுதினேன்.

மலைப்பாதையில் பஸ்ஸுக்கு நடந்து வரும்போது சவரிமுத்து என்னோடு கொஞ்ச தூரம் வந்தார். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கைய நீட்டிட்டு என்னைய ஏன் பாத்தீங்க?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்" என்றார். "நீங்க கூப்பிடல. அப்பத்தான் ஐயா எனக்கே தெரிஞ்சுது, எனக்குத் தெரியலன்னு."